நிறுத்தும் பொத்தான்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



வேலையில் சேர்ந்த முதல் நாள், ஃபோர்மேன் அண்ணன் ஒரு மெஷினைக் காட்டி, "இதை எப்படித் தம்பி நிறுத்துவீங்க?" என்றார். ஓட்டத் தெரியும், நிறுத்துற பொத்தான் எங்கேன்னு தெரியலை. நாலு வருஷப் படிப்பும் அந்த ஒரு கேள்வியில் தலைகுனிந்தது.

மனித செல்லுக்கு அப்படி ஒரு பொத்தான் உண்டா? 1993இல் ஹார்வர்டின் ஸ்டூவர்ட் ஷ்ரைபரும் ஸ்டான்ஃபோர்டின் ஜெரால்டு கிராப்ட்ரீயும் வழி காட்டினார்கள். எஃப்கே506 என்ற மருந்து, செல்லுக்குள் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அம்மருந்தின் இரு மூலக்கூறுகளை ஒட்டி எஃப்கே1012 செய்தார்கள். இப்போது அதற்கு இரண்டு கை! அந்தப் பிடியை ஜீன் வழியாக வேறு புரதங்களில் பொருத்திவிட்டால், இரண்டை இழுத்துச் சேர்க்கும். சேர்ந்ததும் சிக்னல் ஓடும்.

பலன் 2011இல் ஹூஸ்டனில் தெரிந்தது. ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு ஸ்டெம் செல் மாற்றுக்குப் பின், கொடையாளியின் டி செல்களைச் செலுத்தினார்கள். அவை நோயாளியின் உடம்பையே தாக்கக்கூடும். எனவே, செல்லை மடியவைக்கும் காஸ்பேஸ்-9 புரதத்தை அவற்றில் முன்கூட்டியே பொருத்தியிருந்தார்கள். 4 பேருக்குத் தாக்குதல் தொடங்கியது. இரண்டு கை கொண்ட இன்னொரு செயற்கை மூலக்கூறு, ஒரே டோஸ். 30 நிமிடத்தில் அந்த செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் மடிந்தன. தாக்குதலும் அடங்கியது.

தம்பி தங்கைகளே, "அது கெமிஸ்ட்ரி சமாச்சாரம்" என்று ஒதுங்காதீங்க. அதுவும் நம்ம இன்ஜினியரிங்தான். எதை ஓட்டக் கற்றாலும், நிறுத்தும் வழியை முதல்ல கேளுங்க.