பேசும் உரிமையும் தடுக்கும் உரிமையும்



1964 ஜூன் 10. அமெரிக்க செனட் சபையில் பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு நடக்கிறது. கலிபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிலைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்திருக்கிறார்கள். மூளைக்கட்டியால் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. பெயரைக் கூப்பிட்டதும் வாய் திறக்கப் பார்க்கிறார், குரல் எழவில்லை. மெல்லக் கையைத் தூக்கித் தம் கண்ணைச் சுட்டிக்காட்டுகிறார். அந்த அவையில் ஆதரவு வாக்குக்குச் சொல்லும் 'ஐ' என்ற சொல்லும் கண்ணைக் குறிக்கும் 'ஐ' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியுடையவை. அவருடைய வாக்கு பதிவாயிற்று. ஏழு வாரத்தில் அவர் காலமானார்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வந்தது எதற்காக? சிவில் உரிமைகள் மசோதாவின் மீதான விவாதத்தை முடித்துக்கொள்வோம் என்ற தீர்மானத்துக்கு வாக்களிப்பதற்காக. தென் மாநிலத்துச் செனட்டர்கள் இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பேசிப் பேசியே மசோதாவை நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று 71க்கு 29 என்ற கணக்கில் தடை உடைந்தது. சிவில் உரிமை மசோதா ஒன்றின்மேல் இப்படி நடந்தது அதுவே முதல் முறை. இந்தத் தடைக்குப் பெயர்தான் 'ஃபிலிபஸ்டர்'. அதை ஒழிப்பதா, வைத்திருப்பதா என்பதே என் பொருள்.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் இப்படியொரு ஏற்பாடு கிடையாது. 1806இல் செனட் தன் விதிகளைச் சுருக்கியபோது, விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக் கோரும் விதியையும் தேவையில்லை என்று விட்டுவிட்டது. அந்த ஓட்டை வழியாகத்தான் முட்டுக்கட்டை நுழைந்தது. 1917இல்தான், மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் விவாதத்தை முடிக்கலாம் என்ற விதி வந்தது. 1975இல் அது ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்தது. நூறு பேர் கொண்ட அவையில் இன்று 60 பேர் வேண்டும்.

தடுத்தவர்கள் ஒரு காலத்தில் உடல் நோகத் தடுத்தார்கள். 1957இல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மாண்ட் ஒரு சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களைக்கூட வாசித்து நேரத்தைக் கடத்தினார். அவருடைய நோக்கம் எனக்குக் கசக்கிறது. என்றாலும் நாடு பார்க்க நின்று பேசித்தான் அவர் தடுக்க வேண்டியிருந்தது. 1970களில், தடைப்பட்ட மசோதாவை ஓரம் வைத்துவிட்டு அவை வேறு வேலையைப் பார்க்கும் முறை வந்தது. இப்போது தடுக்கப்போகிறோம் என்று தெரிவித்தாலே போதும். யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

வைத்திருக்க வேண்டும் என்போரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இன்றைய பெரும்பான்மை நாளைய சிறுபான்மை. 2013இல் ஜனநாயகக் கட்சியினர் கீழ்நிலைக் கூட்டாட்சி நீதிபதிகள் நியமனத்துக்கு 60 தேவையில்லை என்று மாற்றினார்கள். 2017இல் குடியரசுக் கட்சியினர் அதை உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் நீட்டினார்கள். ஒருவர் வெட்டிய வாய்க்காலில் அடுத்தவர் தண்ணீர் பாய்ச்சினார்.

ஆனால் தாமதத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டாமா? கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துத் தூக்கிலிட்ட கொடுமைக்கு எதிரான மசோதாவை 1922இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட்டில் அது பேச்சிலேயே மூச்சடைத்துப் போயிற்று. 2005இல் செனட் அதற்காக மன்னிப்புக் கேட்டது. அப்படியொரு சட்டம் கையெழுத்தானது 2022இல். நூறு ஆண்டு! அதற்குள் எத்தனை தாய்மார் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள்!

ஆகவே என் முடிவு இது. சிறுபான்மையினர் பேசட்டும், நாள் கணக்கில் பேசட்டும், அந்த உரிமையில் ஓர் அணுவும் குறையக்கூடாது. ஆனால் தடுக்க நினைப்பவர் அவையில் நின்று காரணம் சொல்ல வேண்டும். பேச்சு தீர்ந்த அன்று வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும். எதிர்த்தரப்பின் மனத்தை மாற்றுவதற்காகவே விவாதம் இருக்கிறது. முடிவே எடுக்கவிடாமல் செய்ய அதைப் பயன்படுத்தினால், அவை என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போகும்.

பேச முடியாத ஒரு மனிதர் கண்ணைக் காட்டித் தம் கடமையைச் செய்துவிட்டுப் போனார். பேச நாவும் நேரமும் உள்ளவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் மசோதாவை நிறுத்தும் இந்நாளில், அந்தக் கை உயர்ந்த காட்சியை மாணவர்களாகிய நீங்கள் மறக்கக்கூடாது.