இரவல் பட்டமும் சொந்த வினாவும்



வளர்ந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் வளரும் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் கைகோக்கும்போது வளர்வது எது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். கட்டடத்தையும் கருவியையும் எண்ணியே பெரும்பாலும் விடை கூறுகிறோம். நைஜீரியாவின் இபாதான் நகரம் வேறோர் அளவுகோலைத் தருகிறது.

1948 சனவரியில் 104 மாணவருடன் அங்கே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. இடம், பழைய இராணுவ மருத்துவமனை. பட்டமோ லண்டன் பல்கலைக்கழகத்தினுடையது. இவ்வேற்பாட்டைச் ‘சிறப்புறவு’ என்றனர். உள்ளூர்த் தேவைக்கேற்பப் பாடத்திட்ட மாற்றங்களை இபாதான் ஆசிரியர்கள் முன்மொழியலாம். தேர்வுப் பணியிலும் பங்கு பெறலாம். இறுதி ஒப்புதல் லண்டனுக்கே உரியது. இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. புதிய பல்கலைக்கழகம் தன் பெயரை நிலைநாட்ட ஒரு தலைமுறையேனும் ஆகும். அம்மாணவர் அவ்வளவு காலம் காத்திருக்க நேரவில்லை.

ஆயினும் தரத்தை இரவல் பெறுவோர் வினாவையும் இரவல் பெற நேர்கிறது. எழுத்தாவணம் இல்லாத மக்களுக்கு வரலாறும் இல்லை என்று பலர் கருதிய காலம் அது. கென்னத் டிக்கே அக்கருத்தை லண்டனிலேயே எதிர்கொண்டார். நைஜர் கழிமுக வாணிகத்தை ஆராய்ந்த அவர், ஐரோப்பிய ஆவணங்களோடு வாய்மொழி மரபையும் சான்றாகக் கொண்டார். 1950இல் கிங்ஸ் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். தன் வழக்கத்துக்கு மாறான வினாவையும் ஏற்ற அந்தப் பெருந்தன்மையை நாம் பாராட்டவே வேண்டும். தாயகம் திரும்பியவர் சிதறிக்கிடந்த அரசு ஏடுகளைத் தேடித் தொகுக்க முனைந்தார். 1954இல் ஆவணக் காப்பகம் தோன்றியது. மூலச்சான்று உள்நாட்டில் இல்லையெனில் ஒவ்வோர் ஆய்வாளரும் கப்பலேற வேண்டியிருக்குமன்றோ! 1962இல் இபாதான் தனிப் பல்கலைக்கழகமானபோது, ‘இபாதான் வரலாற்றுப் பள்ளி’ என்று பின்னர் அறிஞர் சுட்டிய ஆய்வுமரபு அங்கே வேர்கொண்டிருந்தது.

மலாயாவின் வழி சற்று வேறு. கார்-சாண்டர்ஸ் ஆணையத்தின் பரிந்துரைப்படி, 1949இல் சொந்தப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமாகவே மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் பிறந்தது. ஆயினும் அங்கு இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, சமஸ்கிருதமா தமிழா என்னும் வழக்கும் எழுந்தது. கோ. சாரங்கபாணியார் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1956இல் துறை தொடங்கியது. தமிழ் அதில் இடம்பெற்றது. எதைப் பயில்வது என்பதில் மக்களும் வாய்திறந்தனர்.

இவ்வட்டாரப் பல்கலைக்கழகங்கள் இன்று பெறுமிடத்தில் மட்டுமின்றிக் கொடுக்குமிடத்திலும் நிற்கின்றன. ஏழை நாட்டில் திரட்டிய தரவு வேற்றிடத்தில் பகுத்தாயப்பட்டு, திரட்டியவர் பெயர் கட்டுரையின் கடைசியில் ஒடுங்குவதை நாம் காணாமலில்லை. ஆய்வு வினாவை வகுக்கும்போது உடனிருப்போர் யாவர், திட்டப்பணம் தீர்ந்தபின் தரவு எந்நாட்டில் தங்கும் என்பவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கையொப்பமிடும் முன் அப்பக்கத்தைக் காட்டுமாறு நம் பல்கலைக்கழகங்களை நாம் கேட்கலாம்.