முதியோரின் அறுவை சிகிச்சையும் முதுகுத் தண்டு ஊசியும்



நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை அவசியம் என்றனர் மருத்துவர்கள். "முழு மயக்கம் கொடுத்தால் வாப்பா கண் விழிக்க மாட்டார்கள்" என்றார் மூத்த மகனார். "முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி" என்றார் இளையவர். இருவரும் நம்மிடம் வந்தபோது, செவிவழிச் செய்தியை நம்பி, "முதுகு ஊசி வேண்டாம்" என்று நாமும் கூறிவிட்டோம். இந்த இழுபறியில் மூன்று நாட்கள் கழிந்தன. வலியோடு கிடந்த பெரியவருக்குப் படுக்கைப் புண்ணும் வந்துவிட்டது. நாம் அறியாத துறையில் வாய் திறந்த குற்றமே இன்று நம்மைப் பேச வைத்துள்ளது.

பின்னர் மயக்க மருந்து நிபுணரிடம் நாமே விளக்கம் கேட்டோம். தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீரில் மருந்தைச் செலுத்தி, இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்யும் முறை இது. 1898ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற மருத்துவர் இதனைச் செய்து காட்டினார். ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் வலி இருக்கலாம். ஆயுள் முழுதும் முதுகுவலி என்பதற்கு ஆதாரமில்லை.

முழு மயக்கம் முதியோரைக் கொன்றுவிடும் என்பதும் சரியன்று. அமெரிக்கா, கனடாவில் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அறுபது நாட்களுக்குப் பின் மரணத்திலோ நடக்கும் திறனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் தாமதம் கேடு தரும். மருத்துவமனையில் சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல்.

முதுகு ஊசியிலும் மருந்துகள் பல உண்டு. இடுப்பெலும்புச் சிகிச்சைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் நீடிக்கும் புபிவகெய்ன் பெரிதும் பயன்படுகிறது. நாற்பது நிமிடத்திற்குள் முடியும் சிறு சிகிச்சையாயின், விரைவில் தெளியும் குளோரோபுரோகெய்ன் போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பதுண்டு. நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கவும் சிறுநீர் கழிக்கவும் அது உதவும். முதியோருக்கு இரத்த அழுத்தம் சட்டெனக் குறையக்கூடும் என்பதால் அளவையும் குறைத்தே கொடுப்பர். இதயத்தின் வால்வு மிகவும் சுருங்கியிருந்தாலோ, ஊசி போடும் இடத்தில் சீழ் இருந்தாலோ இம்முறையைத் தவிர்ப்பர்.

ஆகவே தேர்வை நிபுணரிடம் விடுவோம். நம் கடமை உண்மையை மறைக்காமல் சொல்வது. இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரைகளை அவசியம் காட்டுங்கள். அதனை மறைத்தால் தண்டுவடத்தருகே இரத்தம் கசிந்து கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. அதேவேளை, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தே. முன்பு மயக்க மருந்து ஒவ்வாமற் போயிருந்தால் அதனையும் கூறுங்கள்.

இன்னொன்று. அந்தப் பெரியவரிடம் எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. இறுதியில் மருத்துவர்தாம் கேட்டார். "எதுவானாலும் சரி, சீக்கிரம் செய்யுங்கள்" என்றார் அவர். முதுகு ஊசியே போடப்பட்டது. இன்று கைத்தடி ஊன்றி நடக்கிறார்.

பெரியோருக்காக முடிவெடுக்கும் முன் பெரியோரைக் கேட்போமாக! வல்ல அல்லாஹ் நம் முதியோருக்கு நல்ல சுகத்தை அருள்வானாக! ஆமீன்.