முதுகுக்குப் பின்னால் ஒரு விளக்கு
(வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



விடுதலைப் பயண நூலின் பதினான்காம் அதிகாரத்தை ஒவ்வோர் ஆண்டும் பாஸ்கா திருவிழிப்பு இரவில் நாம் கேட்கிறோம். கடல் பிளந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குச் சற்று முன்னால், பத்தொன்பதாம் வசனத்தில், ஒரு சிறிய செய்தி வருகிறது. நள்ளிரவு நெருங்கி, குழந்தைகள் மடியில் தூங்கிவிழும் நேரம் என்பதால் அது காதில் விழாமல் போய்விடுகிறது. அதுவரை மக்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்த கடவுளின் தூதர் அன்று இடம் மாறுகிறார். பின்பக்கம் வருகிறார். மேகத்தூணும் முன்னேயிருந்து விலகிப் பின்னே வந்து நிற்கிறது. வழிகாட்டியவர், ஆபத்து பின்னாலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் முதுகைக் காக்கப் போய்விட்டார். எசாயா இறைவாக்கினரின் நூலும் ஐம்பத்திரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவரை முன்னே செல்பவராகவும் பின்னே காவலாக வருபவராகவும் காட்டுகிறது.

இந்தப் பின்காவலை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று சைக்கிளின் பின்விளக்கைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். மறையுரையில் சைக்கிளா என்று யாராவது வானொலியின் ஒலியைக் குறைப்பதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8 அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. காவி உடுத்தி நடந்து போகிறவர்களோடு, சைக்கிளில் போகிறவர்களும் நம் பங்குகளிலிருந்து புறப்படுவார்கள். வெயிலுக்குப் பயந்து விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் அவர்கள் அதிக தூரம் போவார்கள். திருவிழா முடிந்த பிறகும் இருட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்: பால் ஊற்றுகிறவர், செய்தித்தாள் போடும் பையன், மில்லில் இரவுப் பணி முடித்து வருகிறவர், டியூஷன் முடிந்து அரசு கொடுத்த சைக்கிளில் வீடு திரும்பும் பதினோராம் வகுப்புப் பிள்ளை.

குருக்களாகிய நாம் நோயில்பூசுதல் எண்ணெயை எடுத்துக்கொண்டு சாலையோரத்துக்கு ஓட நேர்கிறது. அங்கே கேட்கும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றேதான்: “தெரியவே இல்லை சாமி.” லாரி ஓட்டுநர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். சில நேரங்களில் அது சாக்குப்போக்கு. பல நேரங்களில் அது முழு உண்மை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. கண் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையில் இன்னும் 20 மீட்டர் வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கு இது போதாது. மழை பெய்திருந்தால் காருக்கும் போதாது. தாழ்த்திய முகப்பு விளக்கில், கருநிறச் சட்டை போட்ட ஒருவர் முப்பது நாற்பது மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தென்படுவார். எதிரே வருகிறவர் விளக்கைத் தாழ்த்தாமல் வந்தால் அதுவும் இல்லை. ஆக, அந்த ஓட்டுநர் நல்லவராகவே இருந்தாலும், குடிக்காமலே இருந்தாலும், பார்த்த பிறகு நிறுத்துவதற்கு அவருக்கு இடம் கிடைக்காது. ஒரு சிவப்பு விளக்கு சில நூறு மீட்டருக்கு முன்பே அவருக்குச் சொல்லிவிடுகிறது, இங்கே ஒரு மனிதர் போகிறார் என்று.

“வேகமாக வந்து இடிப்பது அவர்கள், விளக்கு வாங்க வேண்டியது நாங்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குடிபோதையாலும் வேக வெறியாலும் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து வருவிப்பவர்கள் கனமான குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே 2290ஆம் எண்ணில் கற்பிக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓட்டுநர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், எட்டாம் வசனத்தில், வேறொரு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வராதிருக்க வேண்டும். பார்த்து நடக்க வேண்டியது விழுகிறவரின் பொறுப்புதானே என்று கடவுள் விட்டுவிடவில்லை. விழ வாய்ப்பில்லாமல் செய் என்கிறார். பின்விளக்கு நம் உயிரைக் காக்கிறது, சரி. பின்னால் வரும் ஒருவரை, தன் வாழ்நாள் முழுவதும் “தெரியவே இல்லை” என்று புலம்பிக்கொண்டிருப்பதிலிருந்தும் அது காக்கிறது. அந்த விளக்கை நாம் பார்க்கப்போவதில்லை. அது எரிவது முழுக்க முழுக்க மற்றவருக்காக.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு டைனமோ நினைவிருக்கும். டயரில் உரசி, மிதிக்க மிதிக்க விளக்கு எரியும், நின்றால் அணையும். விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் பிடிப்பார். அந்தப் பயமும் போயிற்று, டைனமோவும் போயிற்று. மட்கார்டில் ஒரு சிவப்பு ரிப்ளெக்டர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதுவும் நல்லதுதான், கழற்றிவிடாதீர்கள். ஆனால் பிறருடைய வெளிச்சம் அதன்மேல் நேராகப் பட்டால்தான் அது மின்னும். புழுதி படிந்தால் அதுவும் இல்லை. அந்த ரிப்ளெக்டருக்கு மேலேயே மாதா படத்தை ஒட்டி வைத்திருக்கும் சைக்கிள்களையும் நாம் பார்க்கிறோம். மாதாவுக்கு அது பிடிக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை. கடவுள் காப்பார் என்று சொல்லிக்கொண்டு கோயில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னது யார் என்பதை மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, வாங்குவதைப் பற்றி. சார்ஜ் செய்யக்கூடிய பின்விளக்குகள் இப்போது சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. பட்டன் பேட்டரி போடும் விளக்கு விலை குறைவாக இருக்கும். ஆனால் பேட்டரி தீர்ந்தால் நாளை வாங்கலாம், நாளை வாங்கலாம் என்று மாதங்கள் ஓடிவிடும். செல்பேசிக்குச் சார்ஜ் போடும் அதே ஒயரில் போடக்கூடியதாக, டைப்-சி துளை உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. தனி ஒயர் தேட வேண்டியிருக்காது.

பெட்டியின் மேல் இத்தனை லூமென் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதில் மயங்க வேண்டாம். இரவுக்கு இருபது முதல் ஐம்பது லூமென் வரை நேர்மையாகக் கொடுத்தால் தாராளம். அதைவிட முக்கியம், நிலையாக எரியும்போது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது. பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் மினுக்கும்போது தாங்கும் நேரம். வாங்கிய அன்றே முழுச் சார்ஜ் போட்டு, நிலையாக எரியவிட்டு, எத்தனை மணிக்கு அணைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது, மழை. ஐ.பி.எக்ஸ். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். 6 என்றால் வேகமாகப் பீய்ச்சும் நீரையும் தாங்கும். ஐப்பசி மழையில் ஓட்டுகிறவர்கள் 6 உள்ளதை வாங்கலாம். எதை வாங்கினாலும் சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பல விளக்குகள் அந்த இடத்தில்தான் சாகின்றன. தரையில் லேசர் கோடு போடுவது, ஏழு வண்ணத்தில் மாறி மாறி எரிவது, இவையெல்லாம் தேர்பவனிக்கு. சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு ஒன்றே போதும்.

மினுக்குவது நல்லதா, நிலையாக எரிவது நல்லதா? மினுக்கினால் சட்டென்று கண்ணில் படும். ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது ஓட்டுநருக்குக் கடினம். கடைத்தெரு வெளிச்சத்தில் மினுக்கட்டும். ஊர் தாண்டிய இருட்டுச் சாலையில் நிலையாக எரிவதே மேல் என்பது நம் கருத்து.

விளக்கை வாங்குவதைவிடப் பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த விளக்குகள் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழே உள்ள தடித்த கம்பியில் மாட்டுவதற்கென்று செய்யப்பட்டவை. நம் ஊர் சைக்கிளில் அந்த இடத்துக்குப் பின்னால் கேரியர் இருக்கிறது. கேரியரில் பால் கேன், புத்தகப் பை, அரிசிச் சாக்கு, அல்லது ஓர் ஆள். சீட்டின் மேலிருந்து சட்டை நுனியோ சேலைத் தலைப்போ தொங்குகிறது. விளக்கு எரியும், யாருக்கும் தெரியாது. விளக்கை ஏற்றி மரக்காலுக்குள் வைப்பதைப் பற்றி ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வரவில்லையா? அதனால் கேரியரின் பின்முனையில் கட்டுங்கள். நம் நாட்டில் வண்டிகள் நமக்கு வலப்பக்கமாக முந்திப் போவதால், நடுவில் இடமில்லை என்றால் வலது ஓரத்தில் கட்டுங்கள்.

கேரியர் கம்பி மெல்லியது. விளக்கோடு வரும் ரப்பர் பட்டை அதில் சுழலும், நழுவும். சைக்கிள் கடையில் பழைய டியூப் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, கம்பியில் இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பட்டையைப் போட்டால் அசையாது. பள்ளத்தில் விழுந்து எழும்போது கழன்று போகாமல் ஒரு நூல் கயிற்றால் கூடுதலாக முடிச்சுப் போடுங்கள்.

விளக்கின் முகம் நேராகப் பின்னோக்கி இருக்க வேண்டும். சீட் கம்பி பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் அதில் மாட்டிய விளக்கு தரையைப் பார்க்கும். சக்கரத்துக்கு இறங்கும் கம்பியில் மாட்டினால் வானத்தைப் பார்க்கும். இரண்டிலும் பயனில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கமான சுமையை ஏற்றி, ஒருவரை மேலே உட்காரவைத்துவிட்டு, இருட்டிய பிறகு நூறு அடி பின்னால் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். நின்று ஒருமுறை, கார் ஓட்டுகிறவரின் கண் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை.

பத்துக் கன்னியர் உவமையை நாம் விண்ணகத்தோடு சேர்த்தே விளக்கிப் பழகிவிட்டோம். அது எண்ணெயைப் பற்றிய கதையும்தான். நள்ளிரவில் கடன் வாங்க முடியாத ஒன்று அது. சார்ஜும் அப்படியே. கிளம்பும்போது பார்த்தால் நேரம் கடந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் செல்பேசியோடு சேர்த்துச் செருகிவிட வேண்டும். லித்தியம் பேட்டரியை ஒரேயடியாகத் தீரவிட்டு மாதக்கணக்கில் போட்டுவைத்தால் கெட்டுப்போகும். ஓட்டாத மாதத்திலும் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். வெயிலில் சைக்கிளோடு காயவிடாதீர்கள். உப்பிப்போன விளக்கை உடனே ஒதுக்கிவிடுங்கள். குப்பையோடு போட்டு எரிக்க வேண்டாம். கோயிலுக்கு வரும்போது விளக்கைக் கழற்றி உள்ளே எடுத்து வாருங்கள். ஏழாம் கட்டளையை நாம் படித்திருக்கிறோம். வாசலில் நிற்பவர்கள் எல்லாரும் படித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. நம் பின்விளக்கு அணைந்துவிட்டால் நமக்கே தெரியாது. பின்னால் வருகிறவர் சொன்னால்தான் உண்டு. “அண்ணே, பின்லைட் எரியலை” என்று ஒருவர் கத்திச் சொல்லிவிட்டுப் போனால், நிறுத்தி நன்றி சொல்லுங்கள். சகோதரரைத் திருத்துவது பற்றி மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் கேட்பதில் இதைவிட எளிதானது வேறில்லை. ஆனாலும் பார்த்தும் பாராமல் போய்விடுகிறோம்.

சில நூறு ரூபாய் என்பது சில வீடுகளில் ஒரு நாள் கூலி. பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் புத்தகமும் சீருடையும் வாங்கிக்கொடுக்கும்போது, இருட்டில் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் புறப்படும் குழுக்களுக்கு: துணிப்பையைக் கேரியரில் கட்டும்போது விளக்கை மறைக்காமல் கட்டுங்கள். குழுவுக்கு நடுவில் வருகிறவர்கள் மினுக்க வேண்டாம், பின்னால் வருகிறவரின் கண் கூசும். கடைசியில் வருகிறவருக்கு இரண்டு விளக்கு, ஒன்று நிலையாக, ஒன்று மினுக்கிக்கொண்டு. கடைசி இடத்துக்கு வேகமாக ஓட்டும் இளைஞரைவிட நிதானமான ஒருவரைப் போடுங்கள். நடந்து போகும் குழுவிலும் கடைசி ஆளின் பையில் ஒன்று தொங்கட்டும். தேநீர் குடிக்க நிற்கும் இடமெல்லாம் ஒருவர் பின்னால் போய் எல்லா விளக்கையும் பார்த்துவிட்டு வரட்டும். சார்ஜர் யார் பையில் இருக்கிறது என்பது, ஊரில் செபம் சொல்லிக் கிளம்பும்போதே எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.