கல்பாக்கத்துக் கடலும் தென்சென்னைக் குடமும்
(தாம்பரத்தில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



தாம்பரத்திற்குத் தெற்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 25 கல் தொலைவில் கல்பாக்கம் அணுமின் நிலையம் உள்ளது. அதன் முதல் உலை 1983-இலும், இரண்டாம் உலை 1985-இலும் இயங்கத் தொடங்கின. அதே கரையில், அதற்கு வடக்கே 10 கல் தொலைவில் நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அங்கு 2013-இல் திறக்கப்பெற்றது. அதன் திறன் நாளொன்றுக்குப் பத்துக் கோடி இலிட்டர். 2024-இல் பதினைந்து கோடி இலிட்டர்த் திறனுடைய மற்றொன்றும் அதனருகில் எழுந்தது. வேளச்சேரி, மேடவாக்கம், பல்லாவரம் எனத் தென்புறநகர்களுக்கு அந்நீர் செல்கின்றது. இவ்விரு செய்திகளையும் சேர்த்தெண்ணிப் பார்த்தவர் எத்துணைப் பேர்?

கதிரியக்கம் என்றவுடன் வெடிப்பையும் தீயையும் மட்டுமே நினைப்பது பேதைமை. (‘ரேடியேசன்’ என்று நாவில் உருட்டுவோர்க்கு அந்நினைப்பும் எழுவதில்லை, கதிர் இயங்குவது கதிரியக்கம் எனின் சிறுவனும் உணர்வான்.) அஃது உயிர்ச்சூழலுள் நுழைவது பெரிதும் உணவு வழியாகவே. சீசியம் பொட்டாசியத்தை ஒத்திருத்தலால், செடி வேறுபாடறியாது அதனை உறிஞ்சிக்கொள்கின்றது. திராஞ்சியம் சுண்ணத்தை ஒத்திருத்தலால் எலும்பிற் குடியேறுகின்றது. இரண்டிற்கும் அரைவாழ்வு ஏறத்தாழ 30 ஆண்டு. அஃதாவது, 60 ஆண்டு கழிந்தும் காற்பங்கு எஞ்சி நிற்கும்.

1986 ஏப்பிரல் 26-இல் செர்னோபில் உலை வெடித்தபோது, அருகிருந்த ஊசியிலைக் காடு செந்நிறமாய்க் கருகி மடிந்தது. அதனினும் கருதத்தக்கது, அறுநூறு கல்லுக்கும் அப்பால் சுவீடனில் நேர்ந்தது. அங்குள்ள கற்பாசிக்கு வேரில்லை. மழையும் காற்றும் தருவதே அதற்கு உணவு. மழையோடு இறங்கிய சீசியத்தை அது தேக்கிக்கொண்டது. கற்பாசியைப் பனிமான் மேய்ந்தது. ஆயிரக்கணக்கான மான்களின் இறைச்சி உண்ணத்தகாததென ஒதுக்கப்பெற, அம்மான்களை நம்பி வாழ்ந்த வடபுலப் பழங்குடியினர் நிலைகுலைந்தனர். உலையைக் கண்ணாலும் கண்டிராத மக்கள் அவர்கள்!

கல்பாக்கத்தில் அத்தகைய வெடிப்பு நேர்ந்ததில்லை. ஆயினும் 1999 மார்ச்சில் இரண்டாம் உலையில் கனநீர் கசிந்தது. 2003 சனவரியில் எரிபொருள் மறுசெயல்முறைக் கூடத்துப் பணியாளர் அறுவர் வரம்பு மீறிய கதிர்வீச்சிற்கு ஆளாயினர். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலையின்போது நீரேற்று நிலையத்துள் கடல்நீர் புகவே, இயங்கிக்கொண்டிருந்த உலை நிறுத்தப்பெற்றது.

கனநீர் உலைகளில் திரிட்டியம் தோன்றும். அது கதிரியக்கமுள்ள நீரகம். நீரோடு நீராகவே நிற்பது. நெம்மேலியில் உப்பை வடிக்கும் மென்படலம் சீசியத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். திரிட்டிய நீரைத் தடுக்காது. அஃது உப்பன்று, நீரே அன்றோ! வெளியேறும் அளவு வரம்பிற்கு மிகக் கீழானதே என்கின்றது அணுவாற்றல் ஒழுங்குமுறை வாரியம். பரந்த கடலில் அது நீர்த்துப்போகும் என்பதும் உண்மையே. ஆனால் அதனை எம்மொழியிற் கூறுகின்றது? வாரியத்தின் ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் வரும், இந்தியிலும் வரும். சதுரங்கப்பட்டினத்து மீனவனும் மேடவாக்கத்துத் தாயும் படித்தறியத் தமிழில் வருவதில்லை. தன் குடத்து நீரைப் பற்றித் தன் மொழியில் அறியமாட்டாத குடிமகனுக்கு, ‘அஞ்சற்க’ என்னும் சொல் எங்ஙனம் ஆறுதலாகும்?

கல்பாக்கத்துச் சுற்றுச்சூழல் ஆய்வகம் மீனையும் பாலையும் நீரையும் எடுத்து அளந்துகொண்டுதான் இருக்கின்றது. அவ்வளவுகள் திங்கள்தோறும் நல்ல தமிழில் அச்சாகி, நெம்மேலி நிலையத்து வாயிலிலும், தாம்பரம் மாநகராட்சி அலுவலகப் பலகையிலும், கரையோர மீனவர் ஊர்களிலும் ஒட்டப்பெறுதல் வேண்டும். நெம்மேலிக் குடிநீரில் திரிட்டியம் எவ்வளவு என்னும் எண் அதில் முதல் வரியாக இருத்தல் வேண்டும்.