எழுத்தாணி தந்த சொல்

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சென்றால், பெரும்பாறைகளின் நடுவே அலுவிகாரை என்னும் குகைக்கோயிலைக் காணலாம். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையிலே கூரிய ஆணியால் எழுத்தைக் கீறி, அதன்மேல் மையைப் பூசித் துடைத்துக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. மை கீறலிலே மட்டும் தங்கிவிட, அதுவரை கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாத எழுத்துக்கள் கருமையாகத் தோன்றும். அந்த ஆணியைத் தமிழர் எழுத்தாணி என்பர். சிங்களவர் பன்ஹிந்த என்பர். ஆங்கிலத்திலே அதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று, இன்று முற்றிலும் வேறு பொருளிலே எல்லோர் நாவிலும் பயில்கின்றது. 'ஸ்டைல்' என்பதே அச்சொல்.

உடையிலும் பேச்சிலும் ஒருவர்க்குரிய தனிப்பாங்கையே இன்று பலரும் ஸ்டைல் என்று கருதுவர். ஆயினும், எழுதும் ஆணி, செதுக்குங் கருவி என்னும் பொருள்களையும் ஆங்கில அகராதிகள் அச்சொல்லுக்குத் தருகின்றன. அதன் மூலம் 'ஸ்டிலுஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும். 'ஸ்டூலோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் தூண் என்பது பொருள். இரண்டும் ஒன்றெனப் பிழைபடக் கருதியதனாலேயே, ஆங்கிலத்தில் இச்சொல்லின் எழுத்துக்கூட்டலும் மாறியது.

உரோமர் மெழுகு பூசிய பலகையிலே ஸ்டிலுஸ் கொண்டு எழுதினர். அதன் ஒரு முனை கூரியது, மறுமுனை தட்டையானது. பிழை நேர்ந்தால் கருவியைத் திருப்பி, தட்டை முனையால் மெழுகைத் தேய்த்து அழிப்பர். ஆகவே, 'ஸ்டிலுசைத் திருப்புதல்' என்பது எழுதியதைத் திருத்துதல் என்று பொருள்பட்டது. எழுதுங் கருவியின் பெயர் எழுதும் முறைக்கு ஆயிற்று. பின்னர் எதனையும் செய்யும் பாங்குக்கே ஆயிற்று. கி.மு. 44ஆம் ஆண்டிலே சீசரைப் பகைவர் சூழ்ந்து தாக்கியபோது, அவர் தம் எழுத்தாணியால் ஒருவனது கையைக் குத்தினார் என்று சுவெத்தோனியஸ் எழுதியுள்ளார். சிறு குத்துவாளைக் குறிக்கும் 'ஸ்டிலெட்டோ' என்னும் இத்தாலியச் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான்.

மெழுகிலே எழுதியவனுக்கு இருந்த வசதி ஓலையிலே எழுதியவனுக்கு இல்லை. ஓலையிற் கீறியது கீறியதே. நரம்பின் வழியே நேர்கோடு இழுத்தால் ஓலை பிளக்கக்கூடும். சிங்கள எழுத்துக்கள் வளைந்து உருண்டமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். கருவியே எழுத்தின் பாங்கை வகுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் காலத்திலே, அதுவரை வாய்மொழியாக வந்த பௌத்தத் திருமறைகள் ஏட்டிலே எழுதப்பெற்றன என்று மகாவம்சம் கூறுகின்றது. அது நிகழ்ந்த இடம் அலுவிகாரை என்பது பிற்காலச் சிங்கள நூல்கள் காத்துவந்த மரபு. பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய காலம் அது. மறைகளை மனத்திலே தாங்கிய பிக்குகள் மடிந்தால் மறைகளும் உடன் மடியும். அந்த அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது.

1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலப் படையினரால் அலுவிகாரையின் ஏட்டுத் தொகுதி அழிந்தது. எனினும் மறைகள் அழியவில்லை. பழைய ஏடு நைந்துபோகுமுன் புதிய ஏட்டிலே பார்த்தெழுதி, தலைமுறை தலைமுறையாக வெவ்வேறிடங்களிலே பேணிய கைகள் பல இருந்தன.

ஆங்கிலம் எழுத்தின் பாங்குக்குக் கருவியின் பெயரைச் சூட்டியது. தமிழோ அதனை 'நடை' என்றது. ஒன்று கையிலிருந்து பிறந்த சொல். மற்றொன்று காலிலிருந்து பிறந்த சொல். ஸ்டைல் என்னும் சொல்லைக் கேட்கும்போது, திருத்த இடமில்லாத ஓலையின்மீது குனிந்து, ஒவ்வோர் எழுத்தையும் எண்ணிக் கீறிய அந்தக் கைகளையும் நேயர்கள் ஒருகணம் நினைப்பாராக.