சுருள்வில்லும் நம் பாதுகாப்பும்



பால்மரத்தைச் சுற்றி மங்கைத் தாங்குவதற்காகக் கட்டியிருக்கும் கம்பியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தக் கம்பியின் ஒரு பகுதி சுருள் சுருளாக முறுக்கப்பட்டிருக்கும். மரம் பருக்கப் பருக்க அந்தச் சுருள் விரிந்து கொடுக்கும். அதனால் கம்பி பட்டையை இறுக்குவதில்லை. மங்கும் நழுவி விழுவதில்லை. இழுத்தால் நீள்வதும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதும் அந்தச் சுருளின் குணம். இதைத்தான் நாம் ஸ்பிரிங் என்கிறோம். பள்ளிப் பாடநூல் இதைச் சுருள்வில் என்று சொல்லும்.

நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலும் இத்தகைய சுருள்வில்கள் பல இருக்கின்றன. அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பேணுவது, எப்போது மாற்றுவது என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டோம். ஒரு ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச இவ்வளவு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் அது விளங்கும்.

ஒரு மழைநாள் காலையில், ஒரு தகப்பனார் தம் மகளைப் பள்ளிக்கு ஏற்றி வந்தார். செம்மண் பாதையின் பள்ளம் ஒன்றில் வண்டி ஏறி இறங்கியபோது, மடக்கி வைத்திருந்த சைடு ஸ்டாண்டு தானாகவே கீழே இறங்கிவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை. பள்ளி வாசலுக்குத் திரும்பும் இடப்பக்க வளைவில் வண்டி சாய்ந்ததும், ஸ்டாண்டு தரையில் ஊன்றிக்கொண்டது. வண்டி எகிறி விழுந்தது. தலைக்கவசம் இருந்ததால் இருவருக்கும் தலை தப்பியது. பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அந்த நேரத்தில் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே நெஞ்சம் பதறுகிறது.

வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தோம். ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்து தொங்கியது. அதற்குத் துணையாக, பழைய டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் வார் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அந்த வார் அறுந்து கிடந்தது. அந்தத் தகப்பனாரைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. ஏனெனில் அன்று நம் வண்டியின் ஸ்டாண்டிலும் அதே போன்ற ஒரு ரப்பர் வார்தான் கட்டியிருந்தது.

நேயர்களே, சுருள்வில் தளர்வது ஏன்? ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி 1678-ஆம் ஆண்டு இதைப் பற்றிய விதியை நூலாக வெளியிட்டார். ஒரு கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் ஒரு சுருள்வில் 2 சென்டிமீட்டர் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ தொங்கவிட்டால் அது 4 சென்டிமீட்டர் நீளும். பாரத்தை எடுத்துவிட்டால் பழைய அளவுக்கே திரும்பும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டி இழுத்துவிட்டால் அது முழுதாகத் திரும்பாது. எல்லைக்குள்ளேயே இருந்தாலும், பல்லாயிரம் முறை நீண்டு சுருங்கும்போது கம்பியில் மெல்லிய கீறல் தோன்றி, ஒரு நாள் அது ஒடிந்துபோகலாம்.

இதற்குத் துரு துணை செய்கிறது. கம்பியின் தடிப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்தால், சுருள்வில்லின் விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் துரு, வேலையில் பெரிய குறையாகிவிடுகிறது. துரு அரித்த குழியில்தான் கீறலும் முதலில் தொடங்கும்.

இனி, நாமே சோதித்துப் பார்க்கக்கூடிய மூன்று இடங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, சைடு ஸ்டாண்டு. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சைடு ஸ்டாண்டை மேலே மடக்குங்கள். அது சட்டென்று போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். விரலால் சற்றே அழுத்திவிட்டால் மறுபடி மேலே ஏற வேண்டும். பாதியில் நின்றாலோ, தொங்கினாலோ அந்த ஸ்பிரிங்கை மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய் கொடுக்கும் வலக்கைப் பிடி. எஞ்சினை அணைத்துவிட்டு, பிடியை முழுதும் முறுக்கிக் கையை எடுங்கள். அது தானாகவே விரைந்து திரும்ப வேண்டும். ஹாண்டிலை இடப்பக்கம் முழுதும் திருப்பியும், வலப்பக்கம் முழுதும் திருப்பியும் இதையே செய்து பாருங்கள். மெதுவாகத் திரும்பினால், ஒன்று ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஓடும்போது இந்தப் பிடி திரும்பாமல் நின்றுவிட்டால் பதற வேண்டாம். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, ஓரமாக நிறுத்துங்கள்.

மூன்றாவது, கால் பிரேக். மிதித்துவிட்டுக் காலை எடுத்தவுடன் மிதி மேலே வர வேண்டும். வராவிட்டால் பிரேக் உள்ளே உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் சூடேறும், பிரேக் கட்டை தேயும், எண்ணெய்ச் செலவும் கூடும்.

புதிய ஸ்பிரிங் வாங்கும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "இருப்பதிலேயே கெட்டியானதாகக் கொடுங்கள், நெடுநாள் உழைக்கட்டும்" என்று கேட்கிறார்கள். கெட்டியானது நல்லது என்பது தவறு; பொருத்தமானதே நல்லது. எண்ணெய்ப் பிடிக்கு அளவு மீறிய ஸ்பிரிங் போட்டால் கை விரைவில் களைத்துப்போகும், கேபிளும் சீக்கிரம் அறும். மிகவும் மெலிந்தது போட்டாலோ பிடி திரும்பாது. ஆகவே வண்டியின் பெயரையும் ரகத்தையும் கடைக்காரரிடம் சொல்லி, அதற்கென்றே செய்த ஸ்பிரிங்கைக் கேளுங்கள். பழையதையும் கையில் கொண்டுபோங்கள். கம்பியின் தடிப்பு, சுருள்களின் எண்ணிக்கை, கொக்கியின் வடிவம் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். நீளத்தை மட்டும் பழையதோடு ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். பழையதன் நீளம் மாறிப்போயிருக்கலாம். பின் சக்கரத்துக்கு இரண்டு அப்சார்பர் உள்ள வண்டியானால், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி சமமாக நிற்காது.

தளர்ந்த ஸ்பிரிங்கை நெருப்பில் காட்டிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யக்கூடாது. பழுக்கக் காய்ச்சினால் அந்த எஃகுக்குத் தொழிற்சாலையில் ஏற்றிய உறுதி போய்விடும். சுருள் ஒன்றை வெட்டி எடுத்துவிட்டுக் கொக்கியை வளைத்து மாட்டுவதும் சரியன்று. வளைத்த இடத்திலேயே அது பின்னால் ஒடியும். ரப்பர் வாரைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெயிலும் எண்ணெயும் ரப்பரை என்ன செய்யும் என்பது ரப்பரோடே வாழ்ந்த குடும்பங்களுக்குத் தெரியாததா?

அடுத்தது பேணும் முறை. நம் வண்டிகள் நகரத்து வண்டிகளைப் போலத் தார்ச்சாலையில் மட்டும் ஓடுவதில்லை. சேற்றில் ஓடுகின்றன, உர மூட்டை சுமக்கின்றன, பால் உறைய வைக்கும் அமிலத்தையும் சில நேரம் சுமக்கின்றன. உரத்திலுள்ள உப்பும் அந்த அமிலமும் இரும்பை விரைவாக அரிக்கும். ஆகவே, இவற்றை ஏற்றி வந்த நாளில் வண்டியை நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, காயவிடுங்கள். பிறகு ஸ்டாண்டும் பிரேக் மிதியும் அசையும் மூட்டுகளில் ஓரிரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அதிகம் விட்டால் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தின் உள்ளே பிரேக் கட்டை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டும்போது கவனம் தேவை. இழுபட்டு நிற்கும் ஸ்பிரிங் கைநழுவினால் கண்ணைக் குத்திவிடும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்; சிறு பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மாட்டும்போது, கொக்கியில் உறுதியான கயிற்றைக் கோத்து இழுத்து மாட்டலாம். எஞ்சினுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் இருக்கும் ஸ்பிரிங்குகளைப் பட்டறைக்காரரிடமே விட்டுவிடுவது நல்லது.

அந்தப் பிள்ளை மாவுக்கட்டோடு பல வாரம் இடக்கையால் எழுதிக்கொண்டிருந்ததை நாம் தினமும் வகுப்பில் பார்த்தோம். நம் வண்டியில் இருந்த ரப்பர் வாரை அன்று மாலையே அறுத்து எறிந்துவிட்டு, புதிய ஸ்பிரிங் வாங்கி மாட்டினோம். சில வெள்ளிதான் செலவாயிற்று. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே. அந்த விபத்துகள் எல்லாவற்றையும் நம்மால் தடுக்க முடியாது. நம் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதையாவது தடுக்கலாம்.

தாய்மார்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும் நேரத்தில், வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளை அழைத்து, நாம் சொன்ன மூன்று சோதனைகளையும் அப்பாவோடு சேர்ந்து செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். மடக்கிய ஸ்டாண்டு ஒட்டி நிற்கிறதா, முறுக்கிய பிடி திரும்புகிறதா, மிதித்த பிரேக் மேலே வருகிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால், திங்கட்கிழமை காலை நிம்மதியோடு வழியனுப்பி வைக்கலாம்.